ஸ்கேனர் நின்ற பிறகும் திரையில் சொல் வருகிறது: எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வில் நேரம் எங்கே தவறியது?

எழுத்தாணி
திங்கள், காலை 10:12

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ச் சொற்களை வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. 3 டெஸ்லா ஸ்கேனரில் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் காந்தப் படம்) எடுக்கிறோம். 2 நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதும் படமாகிறது. அப்படி ஒரு முழுப் படம்தான் ஒரு வால்யூம். ஓர் ஓட்டத்துக்கு 240 வால்யூம், அதாவது சரியாக 8 நிமிடம். ஒருவருக்கு மூன்று ஓட்டங்கள். ஓர் ஓட்டத்தில் 120 இடங்கள், ஒவ்வொன்றும் 4 நொடி. 40 இடங்களில் உண்மைச் சொல், 40-இல் பொய்ச்சொல், 40-இல் வெறும் கூட்டல் குறி, எல்லாம் கலந்து வரும். 'கோயில்' உண்மைச் சொல், 'கோசில்' பொய்ச்சொல். எது என்று பார்த்து வலக்கை விரலால் பொத்தானை அழுத்த வேண்டும்.

சோதனைகளைத் திரையில் காட்ட உதவும் சைக்கோபை மென்பொருளைக் கொண்டு நிரலை நானே எழுதினேன். ஸ்கேனரிடமிருந்து '5' என்ற விசை வந்ததும் தொடங்கும். படத்தைக் காட்டும், 1.5 நொடி காத்திருக்கும், கூட்டல் குறியைக் காட்டும், 2.5 நொடி காத்திருக்கும், அடுத்ததற்குப் போகும்.

14 பேரை ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் பகுப்பாய்வில் உட்கார்ந்தேன். முதல் ஓட்டத்தில் பின்மண்டைப் பார்வைப் பகுதி தெரிகிறது, ஆனால் மங்கலாக. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒளிரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பார்வைப் பகுதியில் ஒன்றும் இல்லை என்றால் எதை நம்புவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஓட்டத்தில் ஸ்கேனரின் இரைச்சல் நின்ற பிறகும் கடைசிச் சொல் திரையில் இருந்தது. மற்ற இரண்டிலும் நேர்மாறாக, சொற்கள் முடிந்த பிறகும் ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த 14 பேரும் ஒரு மணி நேரம் தலையை அசைக்காமல் எனக்காகப் படுத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவர் என் அத்தை. இந்தத் தரவைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

காந்த அறை
திங்கள், காலை 11:05

தம்பி, நான் எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள். ஸ்கேனரைச் சந்தேகிப்பதற்கு முன் அது உங்களுக்கு என்ன அனுப்புகிறது என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு வால்யூமின் தொடக்கத்திலும் ஸ்கேனர் ஒரு மின்துடிப்பை வெளியே விடுகிறது. அதைத்தான் டிரிகர் என்கிறோம். சில இயந்திரங்களில் அது ஒளியிழை வழியாக வந்து, வெளியே உள்ள பெட்டியில் 5 வோல்ட் டிடிஎல் துடிப்பாக மாறும். அந்தப் பெட்டி யுஎஸ்பி வழியாக உங்கள் கணினியிடம் தன்னை ஒரு விசைப்பலகை என்று சொல்லிக்கொள்கிறது. பங்கேற்பாளரின் விரல்களுக்கு 1 முதல் 4 வரை, ஸ்கேனருக்கு 5. உங்கள் கணினியைப் பொறுத்தவரை, 2 நொடிக்கு ஒரு முறை யாரோ 5-ஐத் தட்டுகிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகளை உங்கள் ஸ்கேனர் அறையிலேயே கேட்க வேண்டும். முதலாவது: தொடக்கத்தில் காந்த நிலை சமநிலைக்கு வரும்வரை எடுக்கும் சில வால்யூம்களைச் சேமிக்காமல் விட்டுவிடுவார்கள். அவற்றுக்கும் துடிப்பு வருகிறதா, அல்லது சேமிக்கும் முதல் வால்யூமுக்குத்தான் முதல் துடிப்பா? இயந்திரத்துக்கு இயந்திரம், படமெடுக்கும் முறைக்கு முறை இது மாறும். இரண்டாவது: ஓட்டங்களுக்கு இடையே வேறு ஏதாவது குறும்படம் (சிறிய ஸ்கேன்) எடுக்கிறார்களா, அதற்கும் துடிப்பு வருகிறதா?

உங்கள் பதிவுக் கோப்பில் எத்தனை '5' இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 240 வால்யூமுக்கு 240 இருக்க வேண்டும். 242 இருந்தால் ஒரு கதை, 239 இருந்தால் வேறு கதை.

பழைய நிரலர்
திங்கள், பகல் 12:40

அம்மா சொன்னபடி எண்ணுங்கள். முதல் ஓட்டத்தின் சிக்கல் எனக்கு இப்போதே தெரிகிறது.

"படத்தைக் காட்டு, 1.5 நொடி காத்திரு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வோர் இடத்திலும் வட்டிலிருந்து அப்போதுதான் ஏற்றுகிறீர்களா?

எழுத்தாணி
திங்கள், பகல் 1:15

ஆமாம் ஐயா. முதலில் சொற்களை எழுத்தாகவே திரையில் எழுத முயன்றேன். எங்கள் கணினியில் கொம்பு இடம் மாறி விழுந்தது. 'கோயில்' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய், கால் தனியாக நின்றது. எழுத்துரு மாற்றியும் சரியாகவில்லை. வாசிப்பு ஆய்வில் எழுத்தே பிழையாக இருந்தால் எப்படி? அதனால் ஒவ்வொரு சொல்லையும் திரையளவுக்குப் பிஎன்ஜி படமாக்கி ஓர் அடைவில் வைத்தேன். கூட்டல் குறி மட்டும் வரும் இடங்களுக்கும் அப்படியே. அந்தந்த நேரத்தில் ஏற்றிக் காட்டுகிறேன்.

பழைய நிரலர்
திங்கள், பகல் 2:30

படமாக்கியது சரியான முடிவு. கொம்பும் காலும் பிரியும் எழுத்து முறைகளுக்கு நானும் அதையே செய்வேன். ஏற்றிய நேரம்தான் தவறு.

திரையளவுப் படத்தை வட்டிலிருந்து படித்து, விரித்து, திரை அட்டைக்கு அனுப்ப 30, 40 மில்லிநொடி ஆகலாம். உங்கள் காத்திருப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எனவே ஓர் இடத்தின் உண்மையான நீளம் 4 நொடி இல்லை, 4.035 போல ஏதோ ஒன்று. 35 மில்லிநொடி கண்ணுக்குத் தெரியாது, பங்கேற்பாளருக்கும் தெரியாது. 120 தடவை சேர்த்துப் பாருங்கள்: 4.2 நொடி. அதாவது ஓட்டத்தின் முடிவில் நீங்கள் ஓர் இடம் முழுக்கப் பின்தங்கிவிட்டீர்கள். 120-ஆம் சொல் என்று பகுப்பாய்வு நினைக்கும் நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது 119-ஆம் சொல். இரைச்சல் நின்ற பிறகும் சொல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பகுப்பாய்வில் எந்த நேரங்களைக் கொடுத்தீர்கள்? 0, 4, 8, 12 என்று திட்டமிட்ட நேரங்களையா, பதிவான நேரங்களையா?

எழுத்தாணி
திங்கள், பகல் 2:41

திட்டமிட்டவற்றை.

பழைய நிரலர்
திங்கள், மாலை 4:10

அப்படியானால் முதல் ஓட்டம் பிழைத்துவிடும். ஒவ்வொரு சொல்லும் உண்மையில் திரைக்கு வந்த நேரம் உங்கள் கோப்பில் இருக்கும். அதைக் கொடுங்கள்.

இனி எழுதும் நிரலுக்கு: முதல் துடிப்பு வந்த கணத்தைப் பூஜ்யமாக வையுங்கள். அதன் பிறகு "இவ்வளவு நேரம் காத்திரு" என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். "பூஜ்யத்திலிருந்து 48-ஆவது நொடி வரும்வரை காத்திரு" என்று எழுதுங்கள். ஒரு படம் ஏற 35 மில்லிநொடி ஆனால், அந்த ஒன்று மட்டும் தாமதமாகும். அடுத்தது தன் நேரத்துக்கு வந்துவிடும். சைக்கோபையில் நிரல் எழுதாமலே சோதனையை அமைக்க உதவும் பில்டரில் நேரம் முன்கூட்டியே தெரிந்த பகுதிகளுக்கு இதைத் தானாகவே செய்கிறார்கள். கையால் எழுதுகிறவர்கள்தாம் இதில் மாட்டிக்கொள்கிறோம். நானும் மாட்டியிருக்கிறேன், அப்போது இழந்தது ஆறு பேரின் தரவு. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

ஏற்றுவதையெல்லாம் துடிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 120 படங்களும் நினைவகத்தில் தயாராக இருக்கட்டும்.

அலைவரி
திங்கள், மாலை 5:55

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 35 மில்லிநொடியை இப்படி எளிதாகப் பேசுவது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. நான் இ.இ.ஜி. (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின்னலைகளை அளப்பது) ஆய்வு செய்கிறேன். சொல் திரையில் தோன்றி 170 மில்லிநொடி வாக்கில் வரும் அலையைத்தான் நாங்கள் அளக்கிறோம். தொடக்க நேரம் ஒரு தடவை 5, ஒரு தடவை 40 என்று சிதறினால், சராசரி எடுக்கும்போது அந்த அலை கரைந்தே போகும்.

யுஎஸ்பி விசைப்பலகை என்பதே எங்களுக்கு ஆகாது. சாதாரண விசைப்பலகையைக் கணினி 8 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் கேட்கும், அதற்கு மேல் விசையின் அதிர்வை வடிகட்டும் நேரம் வேறு. நாங்கள் இணைத்துறை (பேரலல் போர்ட்) வழியாக நேரடித் துடிப்பு அனுப்புகிறோம். இணைத்துறை உள்ள பழைய கணினி ஒன்றைப் பொன்போலக் காக்கிறோம். திரையின் மூலையில் ஒரு சிறு வெள்ளைச் சதுரத்தைச் சொல்லுடன் சேர்த்துக் காட்டி, அதன்மேல் ஒளியுணரி ஒட்டி, நிரல் சொல்லும் நேரத்துக்கும் வெளிச்சம் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறோம். நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் புரொஜெக்டர் தன் பங்குக்கு ஒரு ஃபிரேமோ இரண்டோ தாமதிக்கும். அது எந்தப் பதிவிலும் வராது.

பழைய நிரலர்
திங்கள், இரவு 8:20

நீங்கள் சொல்வது உங்கள் துறைக்கு முழு உண்மை. இங்கே அளப்பது வேறு பொருள். எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பின் மின்னோட்டத்தை அளப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை அளக்கிறது. 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய பி.ஓ.எல்.டி. குறிகை அது. சொல்லைப் பார்த்த பிறகு அது மெல்ல ஏறி 5, 6 நொடியில் உச்சிக்கு வரும், பிறகு இறங்கும், அடிமட்டத்துக்குக் கீழேயும் சற்றுப் போய்த் திரும்பும். இத்தனை மந்தமான அலையில் ஒரு சொல் 30 மில்லிநொடி முந்தியோ பிந்தியோ வந்தால் எதுவும் ஆகாது. இங்கே கொல்வது சேர்ந்துகொண்டே போகும் பிழை.

இப்படிச் சோதனை நடத்தும் மென்பொருள்களின் நேரத் துல்லியத்தைப் பற்றி ஒரு பெரிய ஒப்பீடு 2020-இல் பியர்ஜே இதழில் வந்தது. சைக்டூல்பாக்ஸ், சைக்கோபை, பிரசன்டேஷன், ஈ-பிரைம் நான்கும் ஆய்வகக் கணினியில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான சிதறலில் நின்றன. அதாவது நல்ல மென்பொருள் எதை எடுத்தாலும் கருவி போதும். நம் தவறுகள் நாம் எழுதும் பத்து வரிகளில்தான் இருக்கின்றன.

அலைவரி
திங்கள், இரவு 9:02

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனருக்குள்ளேயே இ.இ.ஜி. எடுப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வரி. அங்கே உங்கள் மந்தமும் எங்கள் அவசரமும் ஒன்றாகச் சேர்கின்றன. ஸ்கேனரின் காந்தச் சரிவுகள் மாறும்போது இ.இ.ஜி.யில் விழும் இரைச்சல், மூளையலையை முழுக்க மூழ்கடிக்கும் அளவுக்குப் பெரியது. அதை நீக்கும் வழி, ஒவ்வொரு வால்யூமிலும் அது ஒரே வடிவில் வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, சராசரி எடுத்துக் கழிப்பதுதான். நொடிக்கு 5,000 அளவீடு எடுத்தாலும், இ.இ.ஜி. பெருக்கியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் ஒன்றோடொன்று பூட்டப்படாவிட்டால் வடிவம் ஒவ்வொரு தடவையும் சற்றே நகர்ந்து, கழித்தபின் மிச்சம் நிற்கும். அதற்கென்றே கடிகாரம் பூட்டும் பெட்டி இருக்கிறது. வாங்காமல் விடாதீர்கள்.

எழுத்தாணி
செவ்வாய், காலை 9:30

எண்ணிவிட்டேன். முதல் ஓட்டத்தில் '5' மொத்தம் 240. ஸ்கேனர் அறையிலும் கேட்டேன்: சேமிக்கும் வால்யூமுக்குத்தான் துடிப்பு வருகிறதாம். பதிவான நேரங்களை வைத்து ஓடவிட்டதில் முதல் ஓட்டத்தின் பார்வைப் பகுதி தெளிவாக வந்துவிட்டது. இடது பக்கம் கீழே, சொல்வடிவப் பகுதி என்று சொல்லப்படும் இடத்திலும் ஒரு திட்டு இருக்கிறது. நேற்றிரவு அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் ஓட்டம் புதிராக இருக்கிறது. நிரல் தொடங்கியபின் முதல் 13 நொடிக்கு ஒரு '5' கூட இல்லை. பிறகுதான் தொடங்கி 240 வருகின்றன. துடிப்பே வராமல் நிரல் எப்படித் தொடங்கியது?

காந்த அறை
செவ்வாய், காலை 10:00

ஓட்டங்களுக்கு நடுவில் குறும்படம் எடுத்தார்களா என்று கேட்டிருந்தேன்.

எழுத்தாணி
செவ்வாய், காலை 10:20

எடுத்தார்கள் அக்கா. காந்தப்புலத்தின் சீரின்மையை வரையும் படம், இரண்டாவதுக்கு முன் ஒன்று, மூன்றாவதுக்கு முன் ஒன்று. அப்போது திரையில் "தயாரானால் பொத்தானை அழுத்தவும்" என்ற அறிவிப்பு இருந்தது.

பழைய நிரலர்
செவ்வாய், காலை 11:45

கிடைத்துவிட்டது.

அந்தக் குறும்படமும் துடிப்பு அனுப்பியிருக்கிறது. அவையெல்லாம் '5' என்று விசை இடையகத்தில், அதாவது தட்டிய விசைகளை நிரல் எடுக்கும்வரை கணினி வைத்திருக்கும் இடத்தில், வந்து விழுந்தன. உங்கள் அறிவிப்புத் திரை '1'-ஐ மட்டும் தேடியது. சைக்கோபையில் ஈவன்ட் பகுதியின் கெட்கீஸ் கட்டளைக்கு ஒரு பட்டியல் கொடுத்தால், பட்டியலில் உள்ள விசையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை இடையகத்திலேயே விட்டுவைக்கும். பங்கேற்பாளர் பொத்தானை அழுத்தினார். நிரல் அடுத்த வரிக்குப் போய் '5' இருக்கிறதா என்று பார்த்தது. பழைய '5' அங்கேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. உண்மையான ஸ்கேன் 13 நொடி கழித்துத்தான் தொடங்கியது.

வெயிட்கீஸ் கட்டளை தொடங்கும்போதே இடையகத்தைத் துடைத்துவிடும். கெட்கீஸ் துடைக்காது. '5'-க்குக் காத்திருக்கும் வரிக்கு முன்னால் இடையகத்தைத் துடைக்கும் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

13 நொடி முன்னால் தொடங்கி 4 நொடி பின்தங்கியதால், இரைச்சல் நிற்பதற்கு 9 நொடிக்கு முன்பே சொற்கள் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்ததும் அதுதானே?

எழுத்தாணி
செவ்வாய், பகல் 12:05

ஆமாம் ஐயா. கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வடக்கு வாசல்
செவ்வாய், பகல் 1:30

இந்தச் சிக்கல் முழுவதும் ஒரே பூஜ்யத்தை நம்புவதால் வருகிறது. நான் பிரசன்டேஷன் பயன்படுத்துகிறேன். அதில் ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு துடிப்பின் எண்ணோடு கட்டலாம்: 1-ஆம் துடிப்பில் இந்தச் சொல், 3-ஆம் துடிப்பில் அடுத்தது. படம் ஏறத் தாமதமானாலும் அடுத்த துடிப்பில் எல்லாம் நேராகிவிடும். ஸ்கேனரே இல்லாமல் துடிப்பைப் போலியாக உண்டாக்கி ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை?

பழைய நிரலர்
செவ்வாய், பகல் 3:15

நல்ல முறைதான், நானும் சில காலம் அப்படிச் செய்தேன். விட்டதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஒரு துடிப்பு தவறினால் எண்ணிக்கை அதன் பிறகு முழுவதும் ஒன்று குறையும். பூஜ்ய முறையில் முதல் துடிப்பு ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதும். கணினியின் கடிகாரம் அதற்குத் தாங்குமா என்றால், தாங்கும். பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகும் கடிகாரம்கூட 8 நிமிடத்தில் 24 மில்லிநொடிதான் நகரும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். எல்லாச் சொல்லும் துடிப்போடு சேர்ந்தே வந்தால், இரத்த அலையை எப்போதும் அதே புள்ளிகளில்தான் பார்ப்போம்: 0, 2, 4, 6-ஆவது நொடிகள். 5-ஆவது நொடியில் என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. சொற்கள் துடிப்புக்குச் சற்று முன்னும் பின்னுமாக, கணக்கு வைத்துச் சிதறி வந்தால், அலையின் எல்லா இடங்களும் ஒன்றிரண்டு தடவையாவது அளக்கப்படும்.

சைக்கோபையிலும் போலித் துடிப்பு உண்டு. லாஞ்ச்ஸ்கேன் என்று பெயர், டி.ஆர். (ஒரு வால்யூமுக்கு ஆகும் நேரம்) எவ்வளவு, எத்தனை வால்யூம் என்று கொடுத்தால் அதுவே '5'-களை அனுப்பும். வேண்டுமானால் ஸ்கேனர் சத்தத்தையும் எழுப்பும்.

வடக்கு வாசல்
செவ்வாய், பகல் 3:40

இரண்டாவது காரணத்தை நான் யோசித்ததில்லை. நன்றி. அடுத்த ஆய்வில் இடைவெளிகளைச் சிதறவிடுகிறேன்.

காந்த அறை
செவ்வாய், மாலை 5:20

'5' பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஓர் ஆய்வகத்தில் மாணவி ஒருவர் இரண்டாம் ஓட்டத்துக்கு முன் நிரலைத் திருத்துவதற்காகத் திறந்தார். பொத்தான் பெட்டியைக் கழற்றவில்லை. ஸ்கேனர் அறையில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி விசைப்பலகைதானே, கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே தட்டச்சும். சொல் காட்டும் நேரம் 1.5 என்று இருந்த இடத்தில் கர்சர் நின்றது. அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் 1.5555555 ஆகியிருந்தது. சேமித்துவிட்டு ஓட்டினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வரவும் வராது. நான் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கேட்டேன், "எண்ணில் இத்தனை ஐந்து எதற்கு?" என்று.

நிரலைத் திறக்கும்போதெல்லாம் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். மேலும், எண்பலகையில் உள்ள 5-உம் மேல்வரிசை 5-உம் நிரலுக்கு வெவ்வேறு விசைகள். வீட்டில் எண்பலகையைத் தட்டிச் சோதித்துவிட்டு ஸ்கேனரில் வந்து விழிக்கும் மாணவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

சாய்வுக்கோடு
செவ்வாய், இரவு 7:45

பகுப்பாய்வுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எழுத்தாணி, 2, 3-ஆம் ஓட்டங்களின் நேரங்களைத் திருத்தும் முன் நில்லுங்கள். உங்கள் பதிவில் உள்ள '5'-களின் நேரமே சரியானதா?

நீங்கள் பயன்படுத்தியது கோர் பகுதியின் வெயிட் கட்டளை. அது காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் விசைகளைப் பார்ப்பதில்லை, கடைசி 0.2 நொடியில்தான் விழித்துப் பார்க்கும். அதற்குள் வந்த '5' அந்தக் கடைசி நேரத்தில்தான் பதிவாகும். அதாவது 2.3 நொடி வரைகூடத் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம்.

ஆனால் வழி இருக்கிறது. பதிவான நேரம் உண்மை நேரத்துக்குப் பின்னால் இருக்க முடியும். முன்னால் இருக்கவே முடியாது. உண்மைத் துடிப்புகள் சரியாக 2 நொடிக்கு ஒன்று. எனவே 240 நேரங்களிலும் முறையே 0, 2, 4, 6 என்று கழித்துக்கொண்டே போங்கள். மிச்சம் நிற்கும் 240 எண்களில் மிகச் சிறியது எதுவோ அதுதான் ஸ்கேனின் உண்மையான தொடக்கம். உங்கள் 35 மில்லிநொடிப் பிசகே இங்கே கைகொடுக்கிறது: துடிப்பும் காத்திருப்பும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்துகொண்டே போனதால், சில துடிப்புகள் கட்டாயம் அந்த விழிப்பு நேரத்தில் விழுந்திருக்கும்.

திருத்தியபின் முதல் நான்கு சொற்களின் நேரம் எதிர்மறையாக வரும். அவற்றைத் தூக்கிவிடாதீர்கள். ஸ்கேன் தொடங்கும் முன் பார்த்த சொல்லின் இரத்த அலை, ஸ்கேன் தொடங்கியபின்தான் உச்சிக்கு வருகிறது. மூளைப் படத் தரவை அடுக்கி வைக்கும் பிட்ஸ் தரமுறையில் நிகழ்வுக் கோப்பின் நேரங்களைச் சேமித்த முதல் வால்யூமிலிருந்துதான் எண்ணுகிறோம், எதிர்மறை எண்ணும் ஏற்கப்படும். நைலேர்ன் என்ற பகுப்பாய்வு மென்பொருள் இயல்பாகவே -24 நொடி வரை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. முன்செயலாக்கத்துக்கு எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்பொருள் என்றால், அது ஒரு வால்யூமுக்குள் வெவ்வேறு கணங்களில் எடுக்கப்படும் மூளைத் துண்டுகளின் நேரத்தை இயல்பாக டி.ஆர். நடுவுக்குக் கொண்டுவருகிறது. நைலேர்ன் டி.ஆர். தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். நடுவு என்பதற்கு 0.5 என்று அதனிடம் நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் 2 நொடி டி.ஆரில் ஒரு நொடி பிசகும். இத்தனை பாடுபட்டு மீட்ட நேரத்தை இந்த ஒரு இடத்தில் விட்டுவிடாதீர்கள்.

வருத்தமான செய்தியும் உண்டு. பொத்தான் அழுத்தங்களும் அதே கட்டளைக்குள் மாட்டியவைதாம். எந்தப் பொத்தான் என்பது சரியாக இருக்கும். எத்தனை மில்லிநொடியில் அழுத்தினார்கள் என்பதை நம்ப முடியாது. அதை மீட்க எனக்கு வழி தெரியவில்லை. இனிமேல் புதிய கீபோர்ட் பகுதியைப் பயன்படுத்துங்கள். அது விசையின் நேரத்தைப் பின்னணியில் தனியாகக் குறிக்கிறது.

எழுத்தாணி
வியாழன், காலை 6:50

இரண்டு இரவுகள் உட்கார்ந்து செய்தேன். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தொடக்க நேரம் வேறு வேறு, 9 நொடி முதல் 20 நொடி வரை. ஸ்கேனர் அறையில் எவ்வளவு சீக்கிரம் பொத்தானை அழுத்தினார்களோ அவ்வளவு. 13 பேரின் மூன்று ஓட்டங்களும் திரும்பி வந்துவிட்டன.

பதில் நேரங்கள் போய்விட்டன என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். ஆய்வேட்டில் ஓர் இயல் குறையும்.

ஒருவருடைய இரண்டாம் ஓட்டத்தில் நிரல் முடிவில் உறைந்துவிட்டது, கட்டாயமாக மூடினேன். பதிவுக் கோப்பு எழுதப்படவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் எப்போது வந்தது என்று கணினிக் கடிகார நேரத்தோடு நான் தனியாக எழுதிய கோப்பு மட்டும் இருக்கிறது. அதில் '5' இல்லை. அவர்தான் என் அத்தை.

காந்த அறை
வியாழன், காலை 8:15

தம்பி, ஸ்கேனரும் நேரத்தை எழுதி வைக்கிறது. அது படங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு டைகாம் கோப்பின் தலைப்பிலும் அந்தப் படம் எடுத்த மணி, நிமிடம், நொடி, நொடியின் பின்னம் எல்லாம் இருக்கும். ஸ்கேனரின் கடிகாரமும் உங்கள் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போகாது. ஆனால் எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்று அத்தையின் முதல் ஓட்டத்திலிருந்தும் மூன்றாம் ஓட்டத்திலிருந்தும் கண்டுபிடிக்கலாமே. அந்த இரண்டிலும் '5' இருக்கிறது, டைகாமும் இருக்கிறது.

சாய்வுக்கோடு
வியாழன், காலை 8:40

அருமையான யோசனை. இரண்டு வித்தியாசங்களும் ஒன்றாக இருந்தால் நடுவில் உள்ள ஓட்டத்துக்கும் அதுவே. இடையில் உங்கள் கணினி இணையத்தில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.

எழுத்தாணி
வியாழன், இரவு 11:30

ஸ்கேனர் அறைக் கணினியில் இணையமே இல்லை. முதல் ஓட்டத்தில் வித்தியாசம் 41.31 நொடி. மூன்றாவதில் 41.28. நடுவில் 41.30 என்று வைத்துத் தொடக்கத்தைக் கணக்கிட்டேன். பார்வைப் பகுதி வந்துவிட்டது. இடது பக்கத் திட்டும் வந்துவிட்டது. அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன், "நான் ஒழுங்காகத்தான் படித்தேன் என்று சொன்னேனே" என்றார்.

அக்கா, ஐயா, சாய்வுக்கோடு, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

எழுத்தாணி
அடுத்த செவ்வாய், மாலை 6:10

நிரலைத் திருத்தி எழுதினேன். படங்கள் எல்லாம் முன்கூட்டியே ஏறிவிடுகின்றன, '5'-க்கு முன் இடையகம் துடைக்கப்படுகிறது, எல்லா நேரமும் ஒரே பூஜ்யத்திலிருந்து. போலித் துடிப்பு வைத்து வீட்டில் மூன்று தடவை முழு 8 நிமிடமும் ஓட்டினேன். திரையையும் கடிகாரத்தையும் ஒன்றாகக் கைபேசியில் படம்பிடித்து ஒப்பிட்டேன். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நிரலைத் திறக்கிறேன்.

இன்று 15-ஆவது பங்கேற்பாளர். இரண்டாம் ஓட்டத்துக்கு முன் குறும்படம் எடுத்தார்கள். நிரல் அசையாமல் காத்திருந்தது. ஓட்டம் முடியும் நேரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். இரைச்சல் நின்றது, அதே கணத்தில் திரையில் 'நன்றி' வந்தது. பதிவில் 240.